எஸ்க்யூஎல் சர்வர் 2012-லிருந்து 2019-க்கு மாறிவிட்டோம்; கம்பாட்டிபிலிட்டி லெவலை 110-லேயே விடலாமா, 150-க்கு ஏற்றலாமா?

நூற்பாலை கணினி · வெள்ளி, இரவு 9.40

வணக்கம். ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நானும் இன்னொரு தம்பியும்தான். எங்கள் ஈஆர்பி (ஆலையின் கணக்கு, இருப்பு, பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) பல வருடமாக எஸ்க்யூஎல் சர்வர் 2012 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2022 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. ஆடிட்டரும் அதைக் குறித்து எழுதிவிட்டார். அதனால் போன ஞாயிறு புது மெஷினில் 2019 ஸ்டாண்டர்டு எடிஷன் போட்டு, பழைய சர்வரின் பேக்கப்பை இதில் ரீஸ்டோர் செய்தோம். டேட்டாபேஸ் சுமார் 180 ஜிபி.

திங்களும் செவ்வாயும் எந்தக் குறையும் இல்லை. முன்பைவிட வேகமாக இருக்கிறது என்றே கணக்குப் பிரிவில் சொன்னார்கள். புதன் சாயங்காலம் தம்பி டேட்டாபேஸ் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்திருக்கிறார். கம்பாட்டிபிலிட்டி லெவல் என்ற இடத்தில் "எஸ்க்யூஎல் சர்வர் 2012 (110)" என்று இருந்திருக்கிறது. சர்வர் 2019 ஆகிவிட்டதே, இது மட்டும் விட்டுப்போயிற்று போல என்று நினைத்து 150 ஆக்கிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் பார்த்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வியாழன் காலை இரண்டு பிரச்சினை. முதலாவது, நூல் இருப்பு எத்தனை நாள் பழையது என்று காட்டும் அறிக்கை. 40 விநாடியில் வந்துகொண்டிருந்தது, 25 நிமிடம் ஆகியும் வரவில்லை. இரண்டாவதுதான் பயமுறுத்தியது. டெஸ்பாட்ச் என்ட்ரியைத் திருத்தி சேவ் கொடுத்தால் "இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார், மறுபடி திறக்கவும்" என்று வருகிறது. வேறு யாரும் அதைத் தொடவே இல்லை. லாரிகள் கேட்டில் நிற்கின்றன, பில் போட முடியவில்லை. பதினொரு மணிக்கு லெவலைத் திரும்ப 110 ஆக்கினோம். இரண்டும் உடனே சரியாகிவிட்டன.

இப்படி ஏற்றி இறக்கியதில் டேட்டாவுக்கு ஏதாவது கெடுதல் வந்திருக்குமா? இனி 110-லேயே விட்டுவிட்டால் தவறா? வெண்டரைக் கேட்டால் "2012-க்குத்தான் நாங்கள் பொறுப்பு" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.


பேக்கப் முதலில் · வெள்ளி, இரவு 10.15

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். லெவலை ஏற்றுவதும் இறக்குவதும் டேபிளில் இருக்கும் டேட்டாவைத் தொடாது. அந்த டேட்டாபேஸுக்காகச் சேர்த்து வைத்திருந்த எக்சிக்யூஷன் பிளான்களை (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், அதாவது க்வெரிக்கும், விடை எடுக்கும் வழித்திட்டம்) தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடும், அதனால் மாற்றிய சில நிமிடங்களுக்கு சிபியூ கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான்.

பலர் இரண்டு விஷயத்தை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். டேட்டாபேஸ் ஃபைலுக்குள் ஒரு உள் பதிப்பு எண் இருக்கிறது. 2012-ல் அது 706, 2019-ல் 904. ரீஸ்டோர் செய்த கணமே அது 904 ஆகிவிடும். அதற்குத் திரும்பும் வழி கிடையாது. லெவல் 110 என்று இருப்பதால் இந்த பேக்கப்பை மறுபடி பழைய 2012-ல் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது ஏறாது. கம்பாட்டிபிலிட்டி லெவல் வேறு. அது ஆப்டிமைசரும் (அந்தப் பிளானைப் போடும் பகுதி) சில மொழி விதிகளும் எந்தக் காலத்து வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் எண். 2008-க்கு 100, 2012-க்கு 110, 2014-க்கு 120, 2016-க்கு 130, 2017-க்கு 140, 2019-க்கு 150, 2022-க்கு 160.

சர்வரைப் புதுப்பித்தாலும், பேக்கப்பை ரீஸ்டோர் செய்தாலும், ஃபைலை அட்டாச் செய்தாலும் பழைய லெவல் அப்படியே இருக்கும். அது விட்டுப்போனது இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி பார்த்த 110 இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது.


கிழக்குக்கரை · வெள்ளி, இரவு 11.02

நான் ஆரக்கிள் பக்கம் வேலை பார்ப்பவன், அதனால் ஒரு சந்தேகம். எங்களிடம் கம்பாட்டிபிள் என்ற பாராமீட்டரை ஒருமுறை ஏற்றினால் இறக்க முடியாது. 19சி-க்கு மாறிய பிறகும் வாரக்கணக்கில் பழைய மதிப்பிலேயே வைத்திருப்போம். ஏற்றிவிட்டால் பழைய பதிப்புக்கு டவுன்கிரேடு செய்யும் கதவு மூடிவிடும். இங்கே நிஜமாகவே ஏற்றி இறக்கலாமா?


பேக்கப் முதலில் · வெள்ளி, இரவு 11.20

இறக்கலாம் சார். ஆரக்கிளில் ஆப்டிமைசரின் நடத்தைக்கென்று ஆப்டிமைசர் ஃபீச்சர்ஸ் எனேபிள் என்று தனியாக ஒன்று உண்டே, எஸ்க்யூஎல் சர்வரின் லெவல் குணத்தில் அதற்குத்தான் நெருக்கம். உங்கள் கம்பாட்டிபிளுக்கு இணை இங்கே அந்த 904. இறக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். மேல் லெவலில் இருக்கும்போது அங்கே மட்டும் கிடைக்கும் வசதியை யாராவது கோடில் எழுதியிருந்தால் இறக்கியதும் அது பிழை தரும். எழுத்துத் தொடரைத் துண்டாக்கும் ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட் அப்படித்தான், 130-க்குக் கீழே வேலை செய்யாது.


கூலி நிரலாளர் · சனி, காலை 7.30

அந்த சேவ் பிரச்சினையைப் பற்றி ஒரு கேள்வி. எல்லாப் பதிவுமே சேவ் ஆகவில்லையா, அல்லது சிலது ஆகி சிலது ஆகவில்லையா? பதிவை யாரும் மாற்றவில்லை என்று உறுதி செய்ய உங்கள் ஈஆர்பி டேபிளின் எந்தக் காலத்தை (column, நெடுவரிசை) பார்க்கிறது, அதன் டைப் என்ன என்றும் சொல்லுங்கள்.


நூற்பாலை கணினி · சனி, காலை 8.05

சரியாகக் கேட்டீர்கள். சிலது சேவ் ஆனது. மூன்றில் ஒன்று போகும் என்று டெஸ்பாட்ச் பையன் சொன்னான். அதனால்தான் நெட்வொர்க் கோளாறோ என்று அரைமணி நேரம் கேபிளைத் தேடினோம். கடைசியாகத் திருத்திய நேரம் என்று ஒரு காலம் இருக்கிறது, டைப் டேட்டைம். மென்பொருள் டாட்நெட்டில் எழுதியது, உள்ளே டேட்டாபேஸோடு பேசுவது என்டிட்டி ஃபிரேம்வொர்க் 6 என்று டிஎல்எல் பெயரில் தெரிகிறது.


கூலி நிரலாளர் · சனி, காலை 8.50

மூன்றில் ஒன்று என்று அந்தப் பையன் சொன்ன கணக்கு அப்படியே பொருந்துகிறது. அவனைப் பாராட்டுங்கள், அந்த ஒரு வார்த்தையில் விடை இருக்கிறது.

டேட்டைம் டைப் நேரத்தை மில்லி விநாடியில் வைப்பதில்லை, ஒரு விநாடியை 300 பங்காக்கி அதில் வைக்கும். ஒவ்வொரு பங்கும் 3.333 மில்லி விநாடி. நமக்குக் காட்டும்போது அதைச் சுருக்கி .000, .003, .007, .010 என்று காட்டும். உங்கள் ஈஆர்பி பதிவைத் திறக்கும்போது .003 என்று வாங்கிக்கொள்கிறது. சேவ் கொடுக்கும்போது "அந்த நேரம் இன்னும் .003-ஆகவே இருந்தால் மட்டும் மாற்று" என்று அனுப்புகிறது. ஆனால் என்டிட்டி ஃபிரேம்வொர்க் அதை டேட்டைமாக அனுப்பாது, அதைவிட நுணுக்கமான டேட்டைம்2 ஆக அனுப்பும். அதாவது .0030000. இரண்டு டைப்பை ஒப்பிட வேண்டி வந்ததும் சர்வர், டேபிளில் இருப்பதை டேட்டைம்2 ஆக மாற்றிப் பார்க்கும்.

இந்த இடத்தில்தான் லெவல் வருகிறது. 120 வரைக்கும் அந்த மாற்றம் .0030000 என்று தரும், இரண்டும் சமம், சேவ் ஆகிவிடும். 130-லிருந்து மாற்றத்தின் துல்லியத்தைக் கூட்டிவிட்டார்கள். அதே மதிப்பு .0033333 என்று வரும். சமம் இல்லை. பொருந்தும் வரி (row) எதுவும் கிடைக்காததால் எந்த வரியும் மாறாது. உடனே ஈஆர்பி "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று முடிவு கட்டிவிடும். .000, .010, .020 என்று பூஜ்யத்தில் முடியும் நேரங்களுக்கு மட்டும் பிசிறு கிடையாது. மூன்று பங்கில் ஒன்று அப்படி விழும். அவைதான் சேவ் ஆகியிருக்கின்றன.

இதற்கு லெவலை இறக்குவது தற்காலிக வழிதான். வெண்டர் அந்தக் காலத்தை டேட்டைம்2 ஆக, மூன்று தசம இடத்தோடு மாற்றித் தர வேண்டும். அதைவிட நல்லது, இந்த வேலைக்கென்றே இருக்கும் ரோவெர்ஷன் டைப்புக்குப் போவது. நேரத்தை வைத்துப் பதிவு மாறியதா என்று பார்ப்பதே பலவீனமான முறை. இதை அப்படியே அவருக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு டெஸ்ட் டேட்டாபேஸில் பத்து நிமிடத்தில் அவரே செய்து பார்க்கலாம்.

இன்னொன்று. இதே மாற்றத்தால், கணக்கிட்டுச் சேமித்து வைக்கும் அல்லது மதிப்பைச் சோதிக்கும் அமைப்புகளான பெர்சிஸ்டட் கம்ப்யூட்டட் காலம், செக் கன்ஸ்ட்ரெயிண்ட், இண்டெக்ஸ்டு வியூ இவற்றில் இப்படி டைப் மாற்றம் ஒளிந்திருந்தால் பழைய விதிப்படி சேமித்த மதிப்பும் புது விதிப்படி வரும் மதிப்பும் முரண்படலாம். 130-ஐத் தாண்டும் முன் டெஸ்ட் காப்பியில் லெவலை ஏற்றி, எக்ஸ்டெண்டட் லாஜிக்கல் செக்ஸ் என்ற ஆப்ஷனோடு, டேட்டாபேஸைச் சோதிக்கும் செக்டிபி கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.


இரவுப் பணி · சனி, மதியம் 12.10

எல்லோரும் எப்படி ஏற்றுவது என்றே பேசுகிறீர்கள். எதற்கு ஏற்ற வேண்டும்? நான் ஒரு மருத்துவமனையின் சர்வர்களைப் பார்க்கிறேன். இரவு பகல் ஓடுகிற இடம். மூன்று வருடமாக 2017 சர்வரில் லெவல் 100-ல் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது, ஒரு நாள் நின்றதில்லை. 2022-ல் கூட 100 வரைக்கும் ஆதரவு இருக்கிறது. வெண்டரும் பொறுப்பேற்கவில்லை, மைக்ரோசாஃப்டும் துரத்தவில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்தி இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. நூற்பாலை சார், 110-ல் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்பேன்.


பிளான் பார்ப்பவள் · சனி, மதியம் 2.45

இரவுப் பணி சார் சொல்வதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். அவசரம் எதுவும் இல்லை. சர்வர் மாற்றும் அதே வாரத்தில் லெவலை மாற்றவே கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால், மெதுவானதற்கு மெஷின் காரணமா, பதிப்பு காரணமா, லெவல் காரணமா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இந்த இழையில் வந்த பிரச்சினைக்கு மூலம் அதுதான்.

மறுபாதியில் மாறுபடுகிறேன். நூல் இருப்பு அறிக்கை ஏன் படுத்தது என்று சொன்னால் அதற்கான காரணமும் புரியும்.

ஒரு க்வெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் முன் ஆப்டிமைசர் எத்தனை வரி வரும் என்று ஒரு மதிப்பு போடும். அந்த வேலை கார்டினாலிட்டி எஸ்டிமேட்டருடையது. 1998-ல் வந்த 7.0-லிருந்து அதன் அடிப்படை மாறவே இல்லை. 2014-ல்தான் பெரிய அளவில் திருத்தி எழுதினார்கள். லெவல் 120-க்குக் கீழே இருந்தால் பழையது, 120-ம் அதற்கு மேலும் என்றால் புதியது.

வித்தியாசத்தை உங்கள் ஆலைக் கணக்கிலேயே சொல்கிறேன். பத்து லட்சம் வரி உள்ள டேபிளில் மூன்று நிபந்தனை என்று வையுங்கள். நூல் கவுண்ட்டுக்கு நூற்றில் ஒன்று பொருந்தும், கோடவுனுக்குப் பத்தில் ஒன்று, பார்ட்டிக்குப் பத்தில் ஒன்று. பழைய முறை மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பெருக்கிவிடும்: 100 வரி. ஆனால் நிஜத்தில் குறிப்பிட்ட கவுண்ட் குறிப்பிட்ட கோடவுனில்தான் இருக்கும், குறிப்பிட்ட பார்ட்டிதான் வாங்குவார். அதனால் புதிய முறை முதல் நிபந்தனையை முழுதாக எடுக்கும், இரண்டாவதை வர்க்கமூலமாக, மூன்றாவதை நான்காம் மூலமாகக் குறைத்து எடுக்கும்: சுமார் 1,778 வரி.

100 வரி என்றால் இண்டெக்ஸில் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும் பிளான் போடும். 1,778 என்று நினைத்தால் மொத்தமாக வாசித்துச் சேர்க்கும் ஹாஷ் ஜாயின் போடத் தோன்றும். நாலைந்து டேபிள் சேரும்போது இந்த வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும். பெரும்பாலான க்வெரிக்குப் புது மதிப்புதான் உண்மைக்குப் பக்கம். ஆனால் பழைய மதிப்புக்கு ஏற்றபடி பத்து வருடமாகத் தட்டித் தட்டிச் சரிசெய்த ஒரு க்வெரி இருக்கும் பாருங்கள், அது இந்த மாற்றத்தில் சுருண்டு விழும். உங்கள் அறிக்கை அந்த வகை என்று சந்தேகிக்கிறேன்.

டெஸ்ட் காப்பியில் லெவலை 150 ஆக்கிவிட்டு, டேட்டாபேஸ் ஸ்கோப்டு கான்ஃபிகரேஷனில் (அந்த டேட்டாபேஸுக்கு மட்டுமான அமைப்புகள்) லெகசி கார்டினாலிட்டி எஸ்டிமேஷனை, அதாவது பழைய எஸ்டிமேட்டரை, மட்டும் ஆன் செய்து அறிக்கையை ஓட்டுங்கள். 40 விநாடிக்குத் திரும்பினால் எஸ்டிமேட்டர்தான் காரணம். திரும்பாவிட்டால் ஸ்கேலார் ஃபங்ஷன் இன்லைனிங்கை (ஃபங்ஷனை க்வெரிக்குள்ளேயே விரித்து ஓட்டும் வசதி) ஆஃப் செய்து பாருங்கள், அது 150-ல் வந்தது, சில ஃபங்ஷன்களில் வம்பு செய்யும்.


இரவுப் பணி · சனி, மாலை 4.00

விளக்கம் அருமை மேடம். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் ஏற்றினால் என்ன கெடும் என்பதுதானே? ஏற்றாவிட்டால் என்ன இழப்பு?


பிளான் பார்ப்பவள் · சனி, மாலை 5.20

நியாயமான கேள்வி. எனக்கு மிகப் பெரியதாகப் படுவது ஸ்டாடிஸ்டிக்ஸ், அதாவது எஸ்டிமேட்டர் மதிப்பு போடப் பார்க்கும் டேட்டாவின் புள்ளிவிவரம். டேபிளில் எத்தனை மாற்றம் நடந்தால் சர்வர் தானாக ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதுப்பிக்கும் என்று ஒரு அளவு இருக்கிறது. 130-க்குக் கீழே அது மொத்த வரியில் 20 சதவீதத்தோடு 500. ஒரு கோடி வரி உள்ள டேபிளில் இருபது லட்சம் வரி மாறும்வரை அது அசையாது. 130-லிருந்து வரி எண்ணிக்கையை 1,000-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பார்கள். அதே டேபிளுக்கு ஒரு லட்சம் போதும். ஆலையிலும் மருத்துவமனையிலும் தினமும் இன்றைய தேதியில் புதுப் பதிவு விழுந்துகொண்டே இருக்கும். பழைய லெவலில் நேற்றைய, முந்தாநாளைய தேதியே ஸ்டாடிஸ்டிக்ஸில் இருக்காது. "இன்றைய ரிப்போர்ட் மட்டும் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் டேபிள் வேரியபிள், அதாவது கோடுக்குள் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் டேபிள். 150-க்கு முன்பு அதில் லட்சம் வரி இருந்தாலும் ஒரே வரிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிளான் போடும். 150-ல் நிஜமாக எத்தனை வரி என்று பார்த்துவிட்டுப் போடும். இது ஸ்டாண்டர்டு எடிஷனிலும் உண்டு. வரிகளைக் கட்டுக் கட்டாகக் கையாளும் பேட்ச் மோட் ஆன் ரோஸ்டோர் மட்டும் எண்டர்பிரைஸ் எடிஷனுக்கு.

வெண்டர் பேச்சுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பதிப்புக்குச் சான்று தருவதை விட்டு, கம்பாட்டிபிலிட்டி லெவலுக்குச் சான்று தாருங்கள் என்று மென்பொருள் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே சொல்கிறது. 2019-ல் லெவல் 110-ல் ஓடும் டேட்டாபேஸுக்கு அவர் கைவிரிக்க நியாயம் இல்லை.


தறியோசை · சனி, இரவு 8.30

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், எங்கள் கம்பெனியில் அனுபவப்பட்டது. நூற்பாலை சார், உங்கள் மென்பொருளில் நிதியாண்டுக்கு ஒரு டேட்டாபேஸா? அப்படியென்றால் ஏப்ரல் 1 அன்று புது வருட டேட்டாபேஸை அது எப்படி உருவாக்குகிறது என்று இப்போதே பாருங்கள். பழைய வருட பேக்கப்பை ரீஸ்டோர் செய்து உருவாக்கினால் 110-ஆகவே வரும். ஸ்கிரிப்ட் ஓட்டி வெற்று டேட்டாபேஸ் உருவாக்கினால், புது டேட்டாபேஸ்களுக்கு அச்சாக இருக்கும் மாடல் டேட்டாபேஸின் லெவலை எடுத்துக்கொள்ளும், அதாவது 150.

எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. மார்ச் 31 வரை எல்லாம் சரி, ஏப்ரல் 2-ல் பாதி அறிக்கை படுத்துவிட்டது. யாரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லோரும் உண்மையைத்தான் சொன்னோம். லெவல் பக்கம் யோசிக்கவே எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. இரண்டு வருட ஒப்பீட்டு அறிக்கை இன்னும் குழப்பம். க்வெரி எந்த டேட்டாபேஸில் நின்றுகொண்டு ஓடுகிறதோ அதன் லெவல்தான் கணக்கு. புது வருடத்தில் நின்று பழைய வருட டேபிளைப் படித்தாலும் 150-ன் விதிதான்.


நூற்பாலை கணினி · ஞாயிறு, காலை 10.10

தறியோசை அண்ணா, மிக்க நன்றி. இப்போதுதான் பார்த்தேன், ஸ்கிரிப்ட்தான் ஓட்டுகிறது. ஏப்ரலில் லாரிகள் மறுபடி கேட்டில் நின்றிருக்கும்.

ஆக, இரவுப் பணி சார் சொல்வதுபோல் விட்டுவிட்டாலும் அது என்னை விடாது. டெஸ்ட் காப்பியில் மேடம் சொன்னதையும் செய்தேன். லெகசி எஸ்டிமேஷனை ஆன் செய்ததும் அறிக்கை 38 விநாடி. எஸ்டிமேட்டர்தான். அப்படியானால் அதை மட்டும் ஆன் செய்து 150-ல் விட்டுவிடலாமா?


பிளான் பார்ப்பவள் · ஞாயிறு, மதியம் 12.30

விடலாம், பலர் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு அறிக்கைக்காக மொத்த டேட்டாபேஸையும் பழைய கணக்குக்குக் கட்டிப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கோடு உங்கள் கையில் இருந்தால் அந்த ஒரு க்வெரிக்கு மட்டும் யூஸ் ஹிண்ட் (ஆப்டிமைசருக்கான குறிப்பு) போட்டுவிடலாம். வெண்டரின் ப்ரொசீஜரை (டேட்டாபேஸுக்குள் சேமித்த கோடு) தொட முடியாது என்பதால், க்வெரிகளையும் அவற்றின் பிளான்களையும் பதிவு செய்து வைக்கும் க்வெரி ஸ்டோர் வழியாகப் போங்கள்.

இப்போது 110-ல் இருக்கும்போதே க்வெரி ஸ்டோரை ஆன் செய்யுங்கள். பழைய லெவலிலும் அது வேலை செய்யும். இடம் 1,000 எம்பி என்று இருக்கும், 2,000 ஆக்குங்கள். நிறைந்துவிட்டால் சத்தமில்லாமல் ரீட் ஒன்லி ஆகிவிடும், அப்புறம் எதுவும் பதிவாகாது. தானே துடைக்கும் காலம் 30 நாள் என்று இருக்கும், அதை 60 ஆக்குங்கள். மாதக் கடைசியும் சம்பளப் பட்டியலும் ஜிஎஸ்டி அறிக்கையும் உள்ளே வரும்படி ஒரு முழு மாதம் ஓடவிடுங்கள். வாரத்து வேலையை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றினால் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு ஒரு ஞாயிறு ஃபுல் ஸ்கேனோடு ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதுப்பித்துவிட்டு லெவலை ஏற்றுங்கள். ரிக்ரெஸ்டு க்வெரீஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எது மெதுவானது என்று அதுவே காட்டும், 110-ல் ஓடிய பழைய பிளானும் அங்கேயே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ஃபோர்ஸ் பிளான் கொடுத்தால் போதும், க்வெரி அந்தப் பிளானிலேயே ஓடும். இதைத் தானாகவே செய்யும் வசதி எண்டர்பிரைஸில் மட்டும், உங்களுக்குக் கையால்தான்.

முக்கியமாக, டேட்டைம் பிரச்சினையை வெண்டர் சரிசெய்து தரும்வரை லெவலைத் தொடாதீர்கள். அதற்கு ஃபோர்ஸ் பிளானும் உதவாது, லெகசி எஸ்டிமேஷனும் உதவாது.


பழைய பட்டியல் · ஞாயிறு, மாலை 6.15

இழை மாற்றுவதற்கு மன்னிக்கவும். எங்கள் சம்பளக் கணக்கு இன்னும் 2005-ல், லெவல் 80-ல் இருக்கிறது. அவுட்டர் ஜாயினுக்கு நட்சத்திரம் போட்டு சமக்குறி போடும் பழைய பாணியில் நிறைய க்வெரி உண்டு. நேராக 2019-ல் ரீஸ்டோர் செய்தால் லெவல் 80 காப்பாற்றுமா?


பேக்கப் முதலில் · ஞாயிறு, மாலை 6.50

காப்பாற்றாது. 2019 தாங்கும் மிகக் குறைந்த லெவல் 100, அதற்குக் கீழே இருப்பதை அதுவே 100 ஆக்கிவிடும். நட்சத்திர ஜாயின் 90-லேயே போய்விட்டது. ரெய்ஸ் எரர் என்று எழுதி அடைப்புக்குறி இல்லாமல் எண்ணும் செய்தியும் போடும் பழைய வடிவம் இருந்தாலும் தேடுங்கள். அது 2012-ல் அடியோடு நீக்கப்பட்டது, எந்த லெவல் வைத்தாலும் ஓடாது. எல்லா ப்ரொசீஜரின் டெக்ஸ்டையும் வெளியே எடுத்து இந்த இரண்டையும் தேடிக் கையால் மாற்றுவதுதான் வழி. அப்படியே பேஜ் வெரிஃபை (டிஸ்கில் டேட்டா கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் அமைப்பு) என்ன என்றும் பாருங்கள். பழைய டேட்டாபேஸ்களில் அது செக்சம் ஆக இருக்காது, சர்வர் மாறினாலும் தானாக மாறாது.


கூலி நிரலாளர் · ஞாயிறு, இரவு 9.00

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களும் இந்த இழையைப் படிக்கக்கூடும், அதனால் ஒரு வார்த்தை. அங்கே இதுபோல ஒற்றை எண் கிடையாது, எஸ்க்யூஎல் மோட் என்ற பட்டியல்தான். 5.7-லிருந்து 8.0-க்குப் போகும்போது கான்ஃபிக் ஃபைலில் நோ ஆட்டோ கிரியேட் யூசர் என்று இருந்தால் சர்வர் எழுந்திருக்கவே செய்யாது. 5.7 வரை குரூப் பை போட்டாலே வரிசைப்படுத்தியும் தந்துகொண்டிருந்தது, 8.0-ல் தராது. பட்டியல் கலைந்து வருகிறது என்றால் ஆர்டர் பை எழுதியிருக்கிறதா பாருங்கள்.


நூற்பாலை கணினி · ஏழு வாரம் கழித்து, திங்கள், இரவு 8.20

கேட்டுவிட்டுப் போனவன் திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கூலி நிரலாளர் எழுதிய .0033333 விளக்கத்தை அப்படியே வெண்டருக்கு அனுப்பினேன். முதல் பதில் பழைய பதிலே. டெஸ்ட் டேட்டாபேஸில் மூன்று பதிவைத் திறந்து, ஒன்று சேவ் ஆவதையும் இரண்டு ஆகாததையும் வீடியோ எடுத்து அனுப்பிய பிறகு அவர்கள் நிரலாளரே தொலைபேசியில் கூப்பிட்டார். நான்கு வாரத்தில் அந்தக் காலத்தை டேட்டைம்2 ஆக மாற்றிய பேட்ச் வந்தது.

க்வெரி ஸ்டோர் ஒரு முழு மாதம் 110-ல் ஓடியது. போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு ஸ்டாடிஸ்டிக்ஸ் புதுப்பித்து 150 ஆக்கினோம். திங்கள் காலை தம்பி ரிக்ரெஸ்டு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டே க்வெரி சிக்கியது. எதிர்பார்த்த நூல் இருப்பு அறிக்கை ஒன்று, பார்ட்டி வாரியான பாக்கிப் பட்டியல் ஒன்று. இரண்டுக்கும் பழைய பிளானை ஃபோர்ஸ் செய்தோம். சம்பளப் பட்டியல் ஓட 18 நிமிடம் ஆகும், இந்த மாதம் 7 நிமிடத்தில் முடிந்தது. உள்ளே டேபிள் வேரியபிளாக நிறைய இருக்கிறது, மேடம் சொன்னதுதான்.

ஆனால் நேற்று வெண்டர் இன்னொரு சிறு பேட்ச் போட்டார். இன்று காலை நூல் இருப்பு அறிக்கை மறுபடி படுத்துவிட்டது. ஃபோர்ஸ் செய்த பிளான் பட்டியலில் அது இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை.


பிளான் பார்ப்பவள் · திங்கள், இரவு 9.05

பேட்சில் ப்ரொசீஜரை டிராப் செய்து மறுபடி கிரியேட் செய்திருப்பார். அப்படிச் செய்தால் ப்ரொசீஜருக்குப் புது ஐடி வந்துவிடும், அதனால் க்வெரி ஸ்டோருக்கு அது புது க்வெரி. நீங்கள் ஃபோர்ஸ் செய்தது பழைய ஐடியோடு அங்கேயே நிற்கிறது. புது க்வெரிக்கு 150-ன் பிளான் மட்டும்தான் பதிவாகியிருக்கும். லெகசி எஸ்டிமேஷனை ஒரு ஐந்து நிமிடம் ஆன் செய்து அறிக்கையை ஒருமுறை ஓட்டுங்கள், பழைய பிளான் புது ஐடியில் பதிவாகும். அதை ஃபோர்ஸ் செய்துவிட்டு மறுபடி ஆஃப் செய்துவிடுங்கள். இரவில் செய்யுங்கள், ஆன் செய்யும்போது மற்ற க்வெரிகளும் அந்த நேரம் பழைய கணக்குக்குப் போகும்.

வெண்டரிடம் இனி டிராப், கிரியேட் வேண்டாம், ஆல்ட்டர் வடிவில் தாருங்கள் என்று கேளுங்கள். ஆல்ட்டரில் ஐடி மாறாது. க்வெரியின் எழுத்தையும் அவர் மாற்றாமல் இருந்தால் ஃபோர்ஸ் நிற்கும்.


நூற்பாலை கணினி · செவ்வாய், காலை 6.40

இரவு பதினொன்றரைக்குச் செய்தோம். அறிக்கை 37 விநாடி. வெண்டருக்கும் மின்னஞ்சல் போட்டாயிற்று. மாடல் டேட்டாபேஸ் 150-லேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், இந்த ஏப்ரலில் புது வருடமும் பழைய வருடமும் ஒரே லெவலில் இருக்கும். ஃபோர்ஸ் செய்த இரண்டு பிளானும் புது வருட டேட்டாபேஸுக்குத் தானாக வராது என்று தம்பி நேற்று இரவே நினைவுபடுத்தினார். ஏப்ரல் 1 காலை ஐந்து மணிக்கு இருவரும் வந்து அதைச் செய்துவிடுவதாகக் காலண்டரில் குறித்திருக்கிறோம்.